கீழ்ப்பாதிக் கச்சான்

மூட்டையின் வாயில் இரண்டு நிறத்தில் நூல் இருந்தது.

கண்டி நகரத்தில் ஒரு பசளைக் கடை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றுவதற்குக் குனிந்துவிட்டார். நான் மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

“இருங்க. இத யாரோ பிரிச்சுத் தச்சிருக்காங்க.”

முக்கால் பங்கு நீல நூல். மெஷின் தையல், ஒரே சீரான ஓட்டம். ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெள்ளை நூல், கைத்தையல். அதுவும் ஊசி பிடித்துப் பழகாத கை. எனக்கென்று ஒரு தையல் மெஷின் உண்டு. அந்த மெஷினில் பிளவுஸ் தைத்துச் சாப்பிடுகிறவள் நான். என் கண் முன்னால் இப்படி ஒரு தையலை வைத்தால் சும்மா போவேனா?

கடைக்காரர் முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“வல்லாஹி தங்கச்சி, லொறியிலேந்து எறக்கக்கொள்ள கிழிஞ்சி போன. நாங்கதான் தச்ச.”

“கிழிஞ்ச மூட்டையிலயிருந்து கொட்டிருக்குமே. அதுக்குப் பதிலா என்னா போட்டீங்க?”

“அல்லாஹ்வே! ஒண்டும் போடல்ல.”

“அப்ப நிறுத்துக் காட்டுங்க.”

நானா பெருமூச்சு விட்டபடி மூட்டையைத் தராசில் ஏற்றினார். எடை சரியாக இருந்தது. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. கிழிந்து கொட்டிய மூட்டையின் எடை எப்படிச் சரியாக இருக்கும்? கேட்டேன். கொட்டியதை அள்ளிப் போட்டார்களாம். அள்ளும்போது தரையில் கிடந்த வேறு எதையெல்லாம் சேர்த்து அள்ளினார்களோ, யார் கண்டது?

“சாந்தி, மானத்த வாங்காத. வா” என்றார் என் வீட்டுக்காரர். மூட்டை லொறியில் ஏறியது. நானும் ஏறினேன். ஹசலகவில் இருந்த எங்கள் குத்தகைக் காணி போய்ச் சேரும்வரை அந்த வெள்ளை நூலிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

என் புத்தி அப்படி

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. சொல்லட்டும். மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பஸ்ஸில் மிச்சக் காசு வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். யாராவது என்னைப் புகழ்ந்தால் அன்றைக்கே கடன் கேட்டு வருவார்கள் என்று காத்திருப்பேன். பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

அதோடு, நாங்கள் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரேயடியாக இரசாயனப் பசளை கூடாது என்று அரசாங்கம் சொன்னது. எங்கே பார்த்தாலும் சேதனப் பசளை, இயற்கை உரம். கொம்போஸ்ட் என்று எழுதிய பையைப் பிரித்தால் உள்ளே பொலித்தீன் துண்டும் உடைந்த ரேசர் பிளேடும் இருந்தன. எங்கள் தோட்டத்தில் ஒரு அக்காவின் விரலை அந்த பிளேடு கிழித்தே விட்டது. பிறகு யூரியா திரும்பி வந்தது. வந்ததெல்லாம் யூரியாதானா என்று ஊரே கையில் எடுத்து உரசிப் பார்த்தது. உப்பைக் கலக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், வேறு என்னவோ கலக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு முன்னாலேயே நாடே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. என்னை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?

ஆனால் ஒன்று. என் வீட்டுக்காரரை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. அவருடைய சட்டைப் பையைத் துவைக்கும்போதுகூடத் துழாவ மாட்டேன். எப்போதாவது நனைந்த காசுத் தாளோ பஸ் டிக்கெட்டோ தானாக வெளியே வந்து விழும், அவ்வளவுதான்.

மலையிலிருந்து கீழே

நாங்கள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் செல்வராஜ், உரம் போடும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர். எங்கள் தோட்டத்தில் பசளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உரம் என்றுதான் சொல்வார்கள். எந்த மலைக்கு எப்போது உரம், மழைக்கு முன்னாலா பின்னாலா, எல்லாம் அவர் வாயில்தான். அவர் போட்ட மலையில் கொழுந்து துளிர்த்து நிற்கும். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைகூட அந்தப் பக்கம் ஜீப்பை நிறுத்திப் பார்ப்பாராம். அப்படித்தான் அவர் சொல்வார்.

பிறகு தோட்டத்தில் உரம் குறைந்தது, கொழுந்து குறைந்தது, வேலை நாள் குறைந்தது. அரிசியும் பாணும் ஏறிய ஏற்றத்தில் எங்கள் வயிறு சுருங்கியது. அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கட்டாருக்கும் துபாய்க்கும் போனார்கள். கண்டியில் ஒரு ஏஜென்சிக்காரர் இவரையும் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். தேன் ஒழுகப் பேசுவார். அந்த ஆளை எனக்கு அடியோடு பிடிக்காது. எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை ஒருத்தனை இப்படித்தான் சுப்பர் மார்க்கெட் வேலை என்று அனுப்பி, போன இடத்தில் வெயிலில் கல் சுமக்க விட்டார்கள்.

“நீங்க போகக் கூடாது” என்றேன்.

“அப்ப இங்க என்னா பண்றது? சொல்லு.”

அந்த நேரத்தில்தான் ஹசலகவில் மேட்டுக்காணி ஒன்று குத்தகைக்கு இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மலைப்பாதையில் பதினெட்டு வளைவு இறங்கினால் வேறு நாடு மாதிரி. மலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள், கீழே இறங்கும்போது முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்குவேன். வாய்க்கால் தண்ணீர் ஏறாத செம்மண் மேடு. வானம் பார்த்த பயிர்தான் நிற்கும். கச்சான், எள்ளு, உழுந்து. மழை விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை.

அவர் காணியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். “ஒரு பெரும்போகம் பாப்போம் சாந்தி. கச்சான் வந்துட்டா நான் எங்கயும் போகல. வரலன்னா நீ என்னத் தடுக்கக் கூடாது” என்றார்.

ஒரு மழைக்காலப் போகம்தானே, சரி என்றேன். அந்தக் கச்சானில் எனக்கு இருந்த பங்கு அதுதான். காய் வைத்தால் புருஷன் வீட்டில் இருப்பார்.

சும்மா வந்த சாணி

காணிக்காரர் சிங்களவர், பெயர் சுமனபால. நாங்கள் சுமனே மாத்தயா, அதாவது சுமனே ஐயா, என்போம். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடும் மாட்டுப் பட்டியும். மாடு விற்க வாங்க ஊரெல்லாம் சுற்றியவர் என்பதால் தமிழ் ஓரளவு பேசுவார், என்னை மட்டும் தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் நங்கி என்பார். நாங்கள் காணிக்குள் வாடி, ஒரு சின்னக் குடிசை, போட்டு மூட்டையை இறக்கிய அன்றைக்கே வேலிக்கு அப்பால் வந்து நின்றார்.

“நங்கி, பட்டியில மாட்டெரு நிறைய இருக்கு. அள்ளிக்கங்க. சல்லி வேணாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காசு வேண்டாமா? கொம்போஸ்ட்டில் பிளேடு வைத்து விற்கிற காலத்தில் ஒரு மனுசன் சாணியைச் சும்மா தருவானா?

“எதுக்கு சும்மா தாறீங்க மாத்தயா?”

“அய்யோ நங்கி, காணி நல்லா வரட்டுமே.”

காணி நல்லா வரட்டுமாம்! வாடிக்குள் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இந்த ஆள் காணியை நம் உழைப்பில் கொழுக்க வைத்து அடுத்த போகம் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று. அவர் சிரித்தார். சாணியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “மாட்டுச் சாணிய வச்சா மலைய வளத்தோம்? மூட்ட இருக்கு. ஒழுங்கா நேரத்துக்கு நேரம் போட்டா போதும்” என்றார்.

எனக்கோ அந்த மூட்டையிலும் நம்பிக்கை இல்லை. யூரியாவை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். நல்ல யூரியா கரையும்போது கிண்ணம் சில்லென்று ஆகும் என்பார்கள். சில்லென்றுதான் ஆனது. அடியில் மண்ணும் தங்கவில்லை. ஆனால் வெள்ளை நூல் இருந்தது ஒரு ஓரத்தில். நான் எடுத்தது நடுவிலிருந்து. ஓரத்தில் என்ன இருக்கிறதோ!

ஆளுக்குப் பாதி

இப்படி நான் சாணியையும் நம்பாமல் மூட்டையையும் நம்பாமல் நிற்க, மழை இறங்கிவிட்டது. விதை போட்டாக வேண்டும். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வீட்டுக்காரர் கத்த மாட்டார், கயிற்றைத் தேடுவார். பட்டிக் கயிற்றைக் கொண்டுவந்து காணியின் குறுக்கே இழுத்துக் கட்டினார்.

“மேல் பாதி என்னுது. கீழ் பாதி ஒன்னுது. ஒன் பாதியில நீ என்னா வேணா போடு, போடாம இரு. என் பாதிக்கு வராத.”

“ஆகட்டும்” என்றேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

மேல் பாதியில் அவர் தேயிலைக்குப் போடுகிற கைப்பழக்கத்திலேயே போட்டார். கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, குனியாமல், கையை வீசி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். முளைத்ததும் ஒரு தடவை. களை எடுத்ததும் ஒரு தடவை. இலை கொஞ்சம் வெளிறினால் உடனே இன்னொரு தடவை. அங்கே சாணி ஒரு கூடைகூட விழவில்லை.

கீழ் பாதியில் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். யூரியாவை நம்பவில்லை, அதனால் ஊரில் போடச் சொல்கிற அளவில் பாதிதான் போட்டேன். மாத்தயாவின் சாணியை நம்பவில்லை, அதனால் அதிலும் பாதிதான் அள்ளினேன். மேலே ஈரமாகக் கிடந்ததைத் தள்ளிவிட்டு, அடியில் நன்றாக மக்கி மண் வாசம் வந்ததை மட்டும் முகர்ந்து முகர்ந்து அள்ளினேன். கல் இருக்கிறதா, பிளேடு இருக்கிறதா என்று விரலால் உதிர்த்துப் பார்த்தேன். அதை விதைக்கு முன்னாலேயே மண்ணோடு கொத்திச் சேர்த்தேன். ஒன்று ஏமாற்றினால் மற்றது இருக்கும் என்பதுதான் என் கணக்கு. இதற்கு மேல் ஒரு விவசாய அறிவும் எனக்கு இல்லை.

சுமனே மாத்தயா தினமும் காலையில் வேலியோரம் வந்து நின்று பயிரைப் பார்ப்பார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன், “என்னா மாத்தயா தெனம் பாக்குறீங்க?” என்று. “சும்மாதான் நங்கி, ஹொந்தய், ஹொந்தய்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதாம். இந்தச் சும்மா என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இலையைக் கண்டால்

மேல் பாதி எழுந்த எழுச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரும்பச்சை. முழங்காலை மறைத்துக்கொண்டு வந்தது. உள்ளே நடந்தால் சேலை நனையும். கீழ் பாதி அதன் பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி, குட்டையாக, இளம் பச்சையில் நின்றது. பூ மட்டும் மஞ்சள் மஞ்சளாக நிறையப் பூத்திருந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு இலை என்றால் உயிர். இதை வெளியாட்கள் புரிந்துகொள்வது கஷ்டம். என் அம்மா தேயிலைச் செடியின் தலையைத் தடவிப் பார்க்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கொழுந்து நிறைந்திருந்தால் அன்றைக்கு அரைப்பேர் விழாது, முழுப்பேர் விழும், முழு நாள் சம்பளம் வரும், வீட்டில் சண்டை இருக்காது. தேயிலை பூத்தால் எங்களுக்கு எரிச்சல். காய்த்தால் செடி கெட்டுவிட்டது என்போம். எங்களுக்குப் பூவும் வேண்டாம், காயும் வேண்டாம், வேர் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் தோண்டிப் பார்த்ததில்லை. இலை இருந்தால் எல்லாம் இருக்கிறது.

அதனால் கலஹாவிலிருந்து என் தங்கச்சி பார்க்க வந்தபோது மேல் பாதியின் ஓரத்தில் நின்று வாயில் கை வைத்தாள். “அத்தான், மலையையே தூக்கிட்டு வந்துட்டீங்களே!” என்றாள். என் பாதியைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வருஷக் கணக்காகியிருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போகட்டும், என் பாதி செத்தாலும் மேல் பாதி போதும், ஆள் வீட்டில் இருந்தால் சரி என்று நினைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். மேல் பாதிக்குத்தான், கீழ் பாதிக்கு இல்லை.

ஆனால் புத்தி சும்மா கிடக்குமா? கச்சான் பூ வாடியதும் அதிலிருந்து ஊசி மாதிரி ஒன்று நீண்டு மண்ணைக் குத்தி இறங்கும். இறங்கிய பிறகுதான் மண்ணுக்குள் காய் பிடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது, தையல்காரி அல்லவா. என் பாதியில் ஊசிகள் பொதபொதவென்ற மண்ணில் சுலபமாக இறங்கின. மேல் பாதியில் இலையை விலக்கிப் பார்த்தேன். மழை விட்ட வெயிலில் செம்மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அங்கங்கே இருந்த ஊசிகளும் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின.

“ஏங்க, இது எறங்கலியே.”

“எறங்கும். எலையப் பாரு சாந்தி. இவ்வளவு எல உள்ள செடி காய்க்காம போகுமா?”

இலையைப் பார்த்தேன். அவர் முகத்தையும் பார்த்தேன். இலையை மறுபடி மூடிவிட்டு என் பாதிக்கு நடந்தேன்.

பிடுங்கிய காலை

மேல் பாதியில்தான் தொடங்கினோம். அவர்தான் முதல் செடியைப் பிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு, இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மண் விடவில்லை. மம்பட்டியால் கெல்லி இழுத்தார். வந்தது.

வேரில் இரண்டு பொக்குக் காய் தொங்கியது. நசுக்கினால் தண்ணீர்.

அடுத்த செடி. அதற்கடுத்தது. பாத்தியின் நடுவுக்குப் போய் ஒன்று. ஓரத்தில் ஒன்று. ஒன்றில் காய் இருந்தால் இரண்டில் இல்லை. இருந்ததும் பிஞ்சு. அவர் பிடுங்கிய செடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இலை, ஐயோ, அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

நான் கயிற்றைத் தாண்டி என் பாதிக்குப் போனேன். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். மம்பட்டி தேவைப்படவில்லை. மண் உதிர்ந்துகொண்டே வந்தது. கொத்துக் கொத்தாகக் காய். இன்னொன்றை இழுத்தேன். அதிலும்தான். ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். பால் மணத்தது.

“ஏங்க! இங்க வந்து பாருங்க! வந்துருச்சுங்க, கச்சான் வந்துருச்சு!” என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானாவின் யூரியா சுத்தமானதுதான். அது சுத்தமாக இருந்ததுதான் வினை. அளவு மீறி அள்ளிக் கொடுத்ததில் செடி இலை போடுவதிலேயே நின்றுவிட்டது, சாணி காணாத மண் இறுகி ஊசியையும் உள்ளே விடவில்லை. என் பாதியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்ததால் செடிக்கும் பசி ஆறியது, மண்ணும் பொலபொலத்தது. இது பிறகு பேசிப் பேசிப் புரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது காய் மட்டும்தான்.

சத்தம் கேட்டு சுமனே மாத்தயா வேலியைத் தாண்டி வந்தார். காயை அவர் பார்க்கவே இல்லை. மேல் பாதிப் பக்கம் கையைக் காட்டி, “நங்கி, அந்தக் கொடியெல்லாம் எனக்குத்தானே? மாட்டுக்கு” என்றார்.

அப்படிச் சொல்லுங்க! போகம் முழுக்க அவர் வேலியோரம் நின்றது கொடிக்காகத்தான். சாணி கொடுத்ததும் கொடிக்காகத்தான். கச்சான் கொடி என்றால் மாட்டுக்குப் பொங்கல் மாதிரியாம். மனுசன் சும்மா தரவில்லை என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று. அந்தக் கண்ணீருக்கு நடுவிலும் எனக்கு ஒரு திருப்தி.

வாடிக்குள் மணி அடித்தது

அன்று மத்தியானம் வாடி நிழலில் பாய் விரித்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். எல்லாம் கீழ் பாதிக் காய். அவர் பாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் மட்டும் ஓடியது. அவருடைய போன் பாயில் கிடந்து அடித்தது. இரண்டு பேர் கையிலும் மண். நான் புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

ஏஜென்சிக்காரர். அதே தேன் குரல்.

“செல்வராஜ் அண்ணன், நல்ல செய்தி. விசா வந்துருச்சு. டிக்கெட் போடவா?”

எனக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறச் சிறிது நேரம் எடுத்தது. அவர் போனை எடுத்து அணைத்தார்.

“விசாவா? பாஸ்போட்ட எப்பக் குடுத்தீங்க?”

அவர் ஒரு காயை எடுத்தார். உடைக்காமல் திரும்பப் போட்டார்.

“வெத போடுறதுக்கு முன்னாடியே.”

“எங்கிட்ட என்னா சொன்னீங்க?”

“வரலன்னா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன் சாந்தி. அங்கயும் ஒரு கால் இருக்கட்டும்னு வச்சேன்.”

யாருடைய பையைத் துழாவாமல் இருந்தேனோ அவர்! கடைக்கார நானாவை நிறுக்க வைத்தேன். பாவம், அந்தச் சாணியை முகர்ந்து முகர்ந்து அள்ளினேன். இந்த மனுசனை மட்டும் ஒரு நாளும் நிறுக்கவில்லை, முகரவில்லை. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றைக்கு என்னிடம் விதை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் இடியப்பம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

நானும் அதையேதான் செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. இதில் பாதி அதில் பாதி. ஆனால் நான் செய்தது அவர் கண்ணுக்கு முன்னால். கயிறு கட்டிய காணியில், பட்டப்பகலில்.

“சரி, போகட்டும். கச்சான்தான் வந்துருச்சே. வந்தா போக மாட்டேன்னுதானே பேச்சு. அந்த ஆளுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அது ஒன் பாதி சாந்தி. என் பாதியில ஒண்ணும் வரலியே” என்றார்.

நான் அழுதேன், ஏசினேன், ஒரு கூடைக் காயை அவர் முன்னால் கொட்டினேன். ஒரே காணிதானே, ஒரே அடுப்புதானே, இதில் என்ன என் பாதி உன் பாதி என்று கேட்டேன். மாத்தயா வேலிக்கு அப்பால் மேல் பாதிக் கொடியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஏற்றினார். அந்த மரியாதைக்காக அவரை அதன் பிறகு நான் அதிகம் சந்தேகப்படுவதில்லை.

ஊரில் உரத்தைப் பற்றி யோசனை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனுசன். அந்தச் செடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு அவரால் அந்தக் காணியில் நிற்க முடியவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள்.

கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில்தான் அவரை வழியனுப்பினேன். கச்சான் சுருள் விற்கிறவர் எங்கள் முன்னால் நின்று “கச்சான், கச்சான்” என்று கூவினார். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது

காணியை நான் விடவில்லை. தங்கச்சியும் அவள் புருஷனும் துணைக்கு வருகிறார்கள். தையல் மெஷினும் வாடிக்கு வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். காணி முழுக்க மாத்தயாவின் மக்கிய எரு, அதோடு அளவாக யூரியா. மழை குறைந்த சிறுபோகத்துக்கு எள்ளும் அப்படித்தான். மூட்டை வாங்கும்போது நூலைப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. நானா இப்போது என்னைக் கண்டதும் தானாகவே மூட்டையைத் தராசில் ஏற்றிவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை அங்கே அவருக்கு லீவு. வீடியோவில் வருவார். முகம் கறுத்துக் கன்னம் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பார். தட்டைக் காட்டச் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை நான் காணிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

“செடியக் காட்டு சாந்தி. எல எப்புடி இருக்கு?”

இன்னும் இலைதான்! நான் போனை வரப்பில் சாய்த்து வைத்தேன். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, இலைப் பக்கத்தைக் கீழே பிடித்துக்கொண்டு வேரைக் காமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். காய்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கம் முகம் திரையிலிருந்து விலகியது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் வந்துர்றேன் சாந்தி. கான்ட்ராக்ட் முடியுது. அடுத்த பெரும்போகத்துக்கு வந்துர்றேன்.”

உடனே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவரைச் சந்தேகப்படாமல் இருந்த காலத்தை நான் ஒரு தடவை பார்த்தாயிற்று.

“டிக்கெட்டக் காட்டுங்க” என்றேன். “காட்டுனாத்தான் நம்புவேன்.”